தலைக்கவசமும் சுதந்திரமும்

“தலை என்னுடையது, உடைந்தால் நஷ்டம் எனக்கு. இதில் சர்க்காருக்கு என்ன வேலை?” என்று மோட்டார் சைக்கிளில் செல்லும் அன்பர்கள் பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அற்பமென்று நாம் தள்ளிவிடமாட்டோம். அதிகாரவர்க்கம் இட்டதே சட்டமென்று தலைகுனிந்திருந்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அதை மாற்றுவதற்காக எத்தனையோ பேர் தடியடி பட்டார்கள், சிறை புகுந்தார்கள். அவ்விதம் பெற்ற உரிமைகளில் தலையாயது ‘ஏன்?’ என்று கேட்கும் உரிமை. ஆகையால் தன் தலைமேல் சர்க்கார் எதை வைத்தாலும், அது கிரீடமாகவே இருந்தாலும், ஏனென்று பிரஜை கேட்கத்தான் வேண்டும். கேட்டவர் பதிலையும் பொறுமையாகக் கேட்கவேண்டும் என்பது ஒன்றே நமது விண்ணப்பம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ம் வருஷத்தில் இந்தியாவின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தினந்தோறும் 460 பேருக்குக் குறையாமல் வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பாமற் போனார்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வருஷம் 17,884 பேர். மேற்படி 1,68,491 பேரில் 50,029 பேர் இருசக்கர வண்டிகளில் தலைக்கவசமின்றிச் சென்றவர்கள். கவசம் இருந்திருந்தால் இந்த ஐம்பதினாயிரம் பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. லாரியின் சக்கரம் மார்பின்மேல் ஏறும்போது தலைக்கவசம் என்ன செய்யும்? ஆனால், பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளை 2008-ம் வருஷத்தில் ஒருங்கே வைத்துப் பரிசீலித்த வைத்திய நிபுணர்கள், விபத்தில் சிக்கியவன் கவசம் அணிந்திருந்தால் மரணத்துக்கு இடம் நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்துக்கு இடம் நூற்றுக்கு 69 பங்கும் குறைகிறதென்று கண்டிருக்கிறார்கள். இதைப்பற்றி இன்று வைத்திய உலகத்தில் தர்க்கம் கிடையாது.

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறு தெரிந்துகொள்ளத் தக்கது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயர்பெற்ற ஆங்கிலேயர் 1935-ம் வருஷம் மே மாதத்தில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்களுக்காக ஒதுங்கி மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்டு, ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்வையிட்ட மூளைவைத்திய நிபுணர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்பவர் ஒருவர். அந்தச் சாவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துக்களில் ஏற்படும் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் அவர் வியாசம் வெளியிட்டார். அதே வருஷத்தில் பிரிட்டிஷ் ராணுவம், மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் சிப்பாய்கள் கவசம் அணிந்தே தீரவேண்டுமென்று உத்தரவு போட்டது. சாதாரணப் பிரஜைகளுக்கு அந்நாட்டில் அத்தகைய சட்டம் வந்ததோ 1973-ல்! சிப்பாயின் தலை சர்க்காரின் சொத்து. அதைக் காப்பதில் தாமதமில்லை. பிரஜையின் தலை அவனவன் சொத்தென்று முப்பத்திரண்டு வருஷங்கள் விட்டுவிட்டார்கள் போலும்!

நமது தேசத்தில் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் தலைக்கவசம் அணியவேண்டுமென்று விதிக்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் அச்சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே மனச்சாக்ஷியை மதிக்கத் தெரியாத சட்டம் இதுவென்று யாரும் குறைகூற முடியாது. தமிழ்நாட்டில் இதை அமல் நடத்திய கதைதான் விசித்திரமானது. 2007-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி முதல் கட்டாயம் என்றார்கள், அது தளர்ந்தது. 2015-ல் சென்னை ஹைகோர்ட் தலையிட்டு ஜூலை 1-ந் தேதி முதல் கட்டாயம் என்று உத்தரவிட்டது. அந்த ஜூன் மாதத்தில் கடைகளின் வாசலில் ஜனங்கள் வரிசை வரிசையாக நின்றதும், ஒன்றுக்கு இரண்டாக விலை சொல்லப்பட்டதும் பலருக்கு ஞாபகமிருக்கும். பிறகு அதுவும் தளர்ந்தது. இருபது வருஷங்களுக்குள் ஒரே சட்டத்தைப் பலமுறை ‘புதிதாக’ அமலுக்குக் கொண்டுவந்த பெருமை நம்முடையது. அவ்வப்போது விழித்து அவ்வப்போது உறங்கும் சட்டத்தை ஜனங்கள் சட்டமாக எண்ணுவதில்லை, மழையைப்போல் எண்ணுகிறார்கள். பெய்யும்போது குடை, ஓய்ந்ததும் மடித்து வைத்தல். பலருடைய கவசம் இன்றைக்கும் பெட்ரோல் டாங்கியின்மேல் வீற்றிருப்பதும், போலீஸ்காரர் தென்பட்டதும் தலைக்கு ஏறுவதும் இதனால்தான்.

சுதந்திரம் என்ற பெயரால் இதற்கு எழுந்த எதிர்ப்புக்களில் புதுச்சேரியில் 2019-ம் வருஷம் நடந்தது மிகவும் யோசிக்கத் தக்கது. பிப்ரவரி 11-ந் தேதி முதல் தலைக்கவசம் கட்டாயமென்று லெப்டினெண்ட் கவர்னர் கிரண் பேடி அம்மையார் கண்டிப்புக் காட்டினார். தாமே வீதியில் இறங்கி வண்டிகளை நிறுத்தவும் செய்தார். முதலில் ஜனங்களுக்கு எடுத்துச்சொல்லிப் பிறகு படிப்படியாக அமல் நடத்தவேண்டுமென்பது முதன்மந்திரி நாராயணசாமியின் கக்ஷி. சட்டசபை அங்கத்தினர்கள் சிலர் கவசங்களை வீதியில் போட்டு உடைத்தார்கள். சில தினங்களில் முதன்மந்திரியும் சகாக்களும் கறுப்புடை தரித்துக் கவர்னர் மாளிகை வாசலில் தர்ணா இருந்தார்கள். தர்ணாவுக்குத் தலைக்கவசம் ஒன்றே காரணமன்று. ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபையின் காரியங்களில் நியமன அதிகாரி குறுக்கிடுகிறார் என்பதே மூலமான புகார்.

அந்த மூலமான புகாரில் நமக்கு அனுதாபம் உண்டு. ஜனங்களுக்குப் பொறுப்பில்லாதவர் கையிலிருந்து வரும்போது நல்ல விதியும் கசக்கும். நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே நம்மை ஆண்டவர்களைப்பற்றி நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஆனால், கொடுக்கும் கை பிடிக்கவில்லை என்பதற்காக மருந்தைத் தரையில் கொட்டுவது விவேகமாகுமா? சட்டம் கவர்னருடையதன்று, பார்லிமெண்டு செய்த சட்டம். அதிகாரச் சண்டை மாளிகை வாசலில் நடந்திருக்கலாம். உடைபட்ட கவசத்துக்கு அதில் சம்பந்தமில்லை. இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அதே வருஷம் அக்டோபரில், தேர்தல் பிரசாரத்தில் முதன்மந்திரி கவசமின்றி மோட்டார் சைக்கிளில் சென்றதை அம்மையார் படத்துடன் கண்டித்தார். அம்மையார் முன்னொரு சமயம் ஸ்கூட்டரின் பின்னால் கவசமின்றி அமர்ந்து சென்ற படத்தை முதன்மந்திரி பதிலுக்கு வெளியிட்டார். அரசியலில் எந்த அபிப்பிராய பேதம் இருந்தாலும், வெறுந்தலை விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒற்றுமை இருந்திருக்கிறது!

இனி, கொள்கைக்கு வருவோம். தனிமனித சுதந்திரத்தைப்பற்றிப் பேசுவோர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞர் 1859-ல் எழுதிய நூலைத் துணைக்கு அழைப்பது வழக்கம். அதில் அவர் ஒரு பாலத்தை உதாரணமாகச் சொல்கிறார். இடிந்துவிழப் போகும் பாலத்தில் ஒருவன் அறியாமல் கால்வைக்கப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை. அப்போது அவனைப் பிடித்து இழுப்பது சுதந்திரபங்கமாகாது, ஏனெனில் ஆற்றில் விழ அவன் விரும்பவில்லை. ஆனால் விழுவது நிச்சயமில்லை, அபாயம் மட்டுமே என்றால், எச்சரித்துவிட்டு அவனை அவன் இஷ்டத்துக்கு விடவேண்டும் என்கிறார் மில். இந்தப் பின்பாதி தலைக்கவசத்தை எதிர்ப்பவர்களுக்கே சாதகமானது என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. தினமும் வண்டி ஓட்டுபவன் அபாயத்தை அறிந்தவனே. தினமும் அவன் விழுவதுமில்லை.

ஆனால் மில்லின் பாலத்தில் செல்பவன் தனியன். நம் சாலையில் செல்பவன் தனியனா? முன்னால் டாங்கியின்மேல் ஒரு குழந்தை, நடுவில் தான், பின்னால் மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை என்று ஒரு குடும்பமே ஒரு வண்டியில் போவதை நாம் தினமும் காண்கிறோம். எச்சரிக்கையைக் கேட்டு இஷ்டப்படி முடிவு செய்தது அந்தக் கைக்குழந்தையா? மேலே சொன்ன 50,029 பேரில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்களல்லர். பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். ஓட்டுபவன் தலையில் கவசமும் மனைவியின் தலையில் மல்லிகைப் பூவுமாகப் போகும் காக்ஷியைப் பார்க்கும்போது, இந்த நாட்டில் சுதந்திரம் யாருக்கு, அபாயம் யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கவசமும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டுமென்று 2022-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. அந்த விதி காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1966-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, தலைக்கவச விதி செய்யாத ராஜ்யங்களுக்குச் சாலைப் பணத்தில் ஒரு பகுதியை மத்திய சர்க்கார் நிறுத்தலாமென்று ஏற்பட்டது. பெரும்பாலான ராஜ்யங்கள் விதி செய்தன. சுதந்திரத்தில் கைவைக்கிறார்கள் என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் பெருங்கிளர்ச்சி செய்து, 1976-ல் அந்த நிர்ப்பந்தத்தை நீக்கச் செய்தார்கள். நீங்கியதும் பல ராஜ்யங்கள் விதியை ரத்து செய்தன. ரத்து செய்த இடங்களில் சாவு அதிகரித்தது. மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்து வழக்கு ஒன்றில் 1972-ல் நீதிபதிகள் சொன்ன நியாயம் நமக்கு மிகவும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. விழுந்த மனிதனைச் சாலையிலிருந்து எடுப்பது சமூகம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது சமூகம். அவன் ஊனமுற்றால் அவனையும், வேலை செய்ய இயலாவிட்டால் அவன் குடும்பத்தையும் தாங்குவது சமூகம். அவ்வாறிருக்க, தன்னைத் தவிர வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று அவன் எண்ணுவது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் இது வெறும் தர்க்கமன்று, பட்ஜெட்டுக் கணக்கு. 2021-ம் வருஷம் டிசம்பரில் ஆரம்பமான ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தவர் யாராயினும், எந்த ஊராராயினும், முதல் 48 மணி நேரத்துக்கு ஆரம்பத்தில் ஒரு லக்ஷம் ரூபாய் வரையில் செலவைச் சர்க்கார் ஏற்பதென்று ஏற்பாடாயிற்று. சிறந்த தர்மம். நினைவிழந்து வந்தவனிடம் ‘நீ கவசம் அணிந்தாயா?’ என்று கேட்டுவிட்டு வைத்தியம் செய்வதில்லை. அப்படிக் கேட்கவும் கூடாது. கேட்காமலே பணம் கொடுக்கும் வரிகொடுப்போர், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லப் பாத்தியதை இல்லாதவர்களா?

சுப்ரீம் கோர்ட்டும் 1988-ல், ஆந்திர ராஜ்யத்துத் தலைக்கவச விதியை எதிர்த்து வந்த வழக்கில், தடையின்றி நடமாடும் உரிமைக்கு இந்த விதி விரோதமன்று, பொதுஜன நன்மைக்கான நியாயமான கட்டுப்பாடே என்று தீர்ப்பளித்துவிட்டது. நடமாடும் உரிமை என்பது சாலையின் உரிமை. சாலையோ ஒருவர் சொத்தன்று. என் வீட்டு முற்றத்தில் நான் இடப்பக்கம் நடந்தாலென்ன, வலப்பக்கம் நடந்தாலென்ன? ஊர்ச் சாலையில் ஆளுக்கொரு பக்கம் போக ஆரம்பித்தால், அரைமணி நேரத்தில் ஒருவருக்கும் நடமாடும் உரிமை மிஞ்சாது. 2022-ல் நடந்து சென்றவர்களே 32,825 பேர் சாலையில் மாண்டார்கள் என்ற கணக்கைப் பார்த்தால், யாருடைய சுதந்திரம் யாரை நசுக்குகிறதென்று விளங்கும். நடப்பவனுக்குக் கவசமும் கிடையாது, வேறு காப்பும் கிடையாது. வண்டியோட்டி விதிக்குக் கட்டுப்படுவதுதான் அவனுக்குள்ள கவசம்.

இவ்வளவும் பிரஜைக்குச் சொன்னோம். சர்க்காருக்குச் சொல்லவேண்டியது இதைவிடக் குறைந்ததன்று. 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் கவசமில்லாத குற்றத்துக்கு அபராதத்தை நூறு ரூபாயிலிருந்து ஆயிரமாக்கி, லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைக்கவும் வகைசெய்தது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அந்த ஆயிரம் அமலுக்கு வந்தது. கூலிவேலைக்குப் போகும் ஒரு கொத்தனாருக்கு ஆயிரம் ரூபாய் என்பது ஒரு நாள் உழைப்பு. சித்தாளுக்கு அதற்கும் மேல். அந்தத் தொகை வீதியில், நின்ற நிலையில், வெயிலில், அங்கேயே விதிக்கப்படுகிறது. அதே திருத்தச் சட்டத்தில் வேறொரு பிரிவும் உண்டு. சாலையை உரிய தரத்தில் போடாமலும் பராமரிக்காமலும் இருந்து, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்புள்ள அதிகாரிக்கும் கண்டிராக்டருக்கும் ஒரு லக்ஷம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம். 2022-ல் சாலைக் குழிகளால் மட்டும் தேசத்தில் 1,856 பேர் இறந்ததாக மேற்படி அறிக்கையே கூறுகிறது. ஜில்லாதோறும் தலைக்கவசத்துக்காக எத்தனை பேரிடம் எவ்வளவு வசூலாயிற்றென்று போலீஸ் இலாகா பெருமையுடன் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, குழிக்காக எத்தனை கண்டிராக்டர்களிடம் எவ்வளவு வசூலாயிற்று என்ற பட்டியலையும் மாதந்தோறும் வெளியிடட்டும். பூஜ்யமாக இருந்தாலும் பாதகமில்லை. பூஜ்யம் என்றே அச்சிடட்டும்.

போலீஸார் நடந்துகொள்ளும் முறையைப்பற்றியும் சொல்லவேண்டும். 2018-ம் வருஷம் மார்ச் மாதத்தில் திருச்சிக்கு அருகே துவாக்குடியில், தலைக்கவசச் சோதனைக்கு நிற்காமற் சென்ற கணவன் மனைவியைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திச்சென்று வண்டியை உதைத்தார் என்றும், கீழே விழுந்த அந்தப் பெண்மணி இறந்தார் என்றும் எழுந்த புகாரில் அந்த இன்ஸ்பெக்டர் கைதானார். அன்றிரவு ஆயிரக்கணக்கான ஜனங்கள் சாலையை மறித்தார்கள். உயிரைக் காப்பதற்காக ஏற்பட்ட சட்டத்தின் பெயரால் ஓர் உயிர் போயிற்று என்றால், அந்தச் சட்டத்தின்மேல் ஜனங்களுக்கு உண்டாகும் வெறுப்பைப் பத்து வருஷப் பிரசாரத்தாலும் துடைக்க முடியாது. ஓடுகிறவனை ஓடவிட வேண்டும். வண்டிக்கு நம்பர் இருக்கிறது. இப்போது முச்சந்திதோறும் காமிராவும் இருக்கிறது. நோட்டீஸ் வீட்டுக்குப் போகட்டும். கவசமில்லாத குற்றத்துக்காக ஒரு மனிதனைத் துரத்துவதை இலாகா உத்தரவினாலேயே தடுக்கவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். போலீஸாருக்கே தெரியாத பிரிவு ஒன்றும் சட்டத்தில் உண்டோ என்று நமக்குச் சந்தேகம். சட்டத்தை அமல் நடத்தும் அதிகாரம் பெற்றவரே குற்றம் செய்தால் அவருக்குத் தண்டனை இரட்டிப்பு என்று அதே 2019-ம் வருஷத்துத் திருத்தம் கூறுகிறது. வெறுந்தலையுடன் வண்டியில் வரும் காக்கிச்சட்டைக்கு இரண்டாயிரம் ரூபாய் ரசீது எழுதுவதைப் பொதுஜனங்கள் நாலு தடவை கண்ணாரக் கண்டால் போதும்; சட்டத்துக்கு மரியாதை தானே பிறக்கும்.

கடைசியாக, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் தேசத் தொண்டர்களிடம், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாயினும் சரியே, மனம்விட்டு ஒன்று சொல்ல விரும்புகிறோம். நம் ராஜ்யத்தில் சட்டத்தைப் பகிரங்கமாகவும் கூட்டமாகவும் மீறுகிறவர்கள் யார்? வயிற்றுப்பாட்டுக்காக அவசரமாக ஓடும் கூலிக்காரனா? தலைவர் வருகிறாரென்றால் நூறு மோட்டார் சைக்கிள், இருநூறு மோட்டார் சைக்கிள் திரளுகின்றன. ஒவ்வொன்றிலும் இருவர், சிலவற்றில் மூவர். பின்னால் இருப்பவன் கையில் கொடி. ஒருவர் தலையிலும் கவசமில்லை. முன்னும் பின்னும் போலீஸ் பந்தோபஸ்து வேறு! அதே போலீஸ்காரர் மறுநாள் காலையில் அதே முச்சந்தியில் பால்காரரை நிறுத்தி ஆயிரம் ரூபாய் கேட்கும்போது, பால்காரர் சட்டத்தைப்பற்றி என்ன நினைப்பார்? சட்டமறுப்பு என்ற ஆயுதம் இந்நாட்டில் ஒருகாலத்தில் எவ்வளவு உயர்ந்த பொருளில் கையாளப்பட்டது! அநியாயச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, முன்னறிவித்து மீறி, தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் நம் பெரியோர்கள். தண்டனை வராதென்ற தைரியத்தில் மீறுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அதற்குச் சலுகை என்று பெயர். முன்பு வெள்ளைக்கார அதிகாரிகள் அனுபவித்ததும் அதுவே.

ஊர்வலத்தில் வருபவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். கொடி பிடித்த கை பிரேக்கைப் பிடிக்காது. அந்த வீட்டில் சம்பாதிப்பவன் அவன் ஒருவனே என்பது தலைவருக்குத் தெரியாமலிருக்கலாம், தெரிந்துகொள்ள வேண்டும். கட்சித் தலைவர்கள் அனைவரும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டு, கவசமில்லாமல் வரும் வண்டிக்குத் தங்கள் ஊர்வலத்தில் இடமில்லையென்று தேர்தல் காலத்துக்கு முன்பே அறிவிக்கட்டும். அறிவிக்க மனமில்லையானால், ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கும் போலீஸ் கமிஷனர்களும் சூப்பிரண்டுகளும் அதையே அனுமதியின் முதல் நிபந்தனையாக எழுதட்டும். அதையும் மீறி ஊர்வலம் புறப்பட்டால், கடைசியில் தனியாக வரும் ஏழைத் தொண்டனைப் பிடிக்கவேண்டாம். மாலையணிந்த தலைவர் ஏறிவரும் முதல் வண்டியை நிறுத்தி, முதல் ரசீதை அவர் பெயருக்கு எழுதட்டும்.